பாதியக்காவின் மீதி

அந்த முதியோர் இல்லத்தில் பாதியக்கா எங்கே என்று கேட்டால் கேட்ட மாத்திரத்தில் கை நீட்டி வழி காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூடத் தலையைச் சொறிவார். பெயர் வைத்தது சமையல்கட்டு. வைத்த கையோடு மாடிவரை பரப்பியதும் அதே சமையல்கட்டுதான். அங்கே அடுப்பு அணைந்தாலும் வாய் அணைவதில்லை.

காரணம் இல்லாமல் வைக்கவில்லை. அக்கா எழுதும் மெயில்கள், அவள் எழுதி முடிப்பதற்குள் தாமாகக் கிளம்பிப் போய்விடும். "இன்னிக்கு யாருக்குப் பாதி போச்சு?" என்று கேட்டுக்கொண்டேதான் சமையல்காரி டீயைக் கொண்டுவந்து வைப்பாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் டீ ஆறுவதுதான் மிச்சம்.

ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு அது சிரிப்பு இல்லை. அவள் எதையாவது முழுசாகச் சொல்லி முடித்த இடம் என்று உலகத்தில் ஒன்று இருந்தால் அது அவள் மெயில் எழுதும் மேஜைதான். அதிலும் கை வைத்தால் ஒரு மனுஷி எங்கே போவாள்?

சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பேச்சு நிதானம். திக்குவாய் கிடையாது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்தது சரியான வார்த்தைதானா என்று பார்த்துச் சொல்லுவாள். பிறந்த வீட்டில் அதற்கு யாருக்குப் பொறுமை இருந்தது? அப்பா, மூன்று அண்ணன்கள், எல்லாரும் வாயால் வண்டி ஓட்டுகிறவர்கள். அவள் ஒன்றை ஆரம்பித்தால் மீதியை வீடே சேர்ந்து முடித்துவிடும். கல்யாணப் பேச்சு வந்தபோது "எனக்கு இன்னும்..." என்று வாயைத் திறந்தாள். "இன்னும் என்ன யோசனை, அவளுக்குச் சம்மதம்தான்" என்று அப்பா முடித்துவைத்தார். இன்னும் படிக்கணும் என்று சொல்ல வந்தவள் அடுத்த மாதம் புகுந்த வீட்டில் இருந்தாள்.

வாய்த்த கணவர் நல்லவர். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பஸ் ஓட்டுகிறார். ஒரு ஸ்டாப்பில் நிற்கும்போதே அடுத்த ஸ்டாப்பில் கண் வைக்கிற பழக்கம் அவருக்கு வீட்டிலும் உண்டு. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில், "என்னங்க, நாளைக்கு எனக்கு..." என்றாள்.

"லீவா? எடுத்துக்கோ. நல்லாத் தூங்கு" என்றார் அவர்.

வேலை நிரந்தரமாகிவிட்டது, நாளைக்கு உத்தரவு கையில் தருகிறார்கள் என்று சொல்ல வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவருக்கு அது தெரிந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று ரொம்ப வருத்தப்பட்டார். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்பாலேதான் அவசரப்படுகிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவள் சாப்பாடு பாதிதான் இறங்கியது.

அப்படிப்பட்டவளுக்கு இல்லத்தின் கடிதப் பிரிவில் வேலை. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே சரிந்த கூரையோடு ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், எழுந்து நின்றால் தலையில் இடிக்கும் ஒரு மூலை. வாரத்தில் இரண்டு நாள் அக்கா எல்லா அறைகளுக்கும் போய் வருவாள். யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் நடக்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்றெல்லாம் பார்த்துக்கொண்டு வந்து, தூரத்தில் இருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கு மெயில் எழுதுவாள். மற்ற இல்லங்களில் 'நலமாக உள்ளார்' என்று ஒரே வரியை எல்லாருக்கும் அனுப்புவார்கள். அக்கா அப்படி இல்லை. ஒவ்வொரு மெயிலிலும் அந்த வாரம் அந்தப் பெரியவர் சொன்ன ஒரு பேச்சை, அவர் வாயிலிருந்து வந்தபடியே, தனி வரியில் எழுதுவாள்.

'உங்கள் அத்தை நேற்று என்னிடம் சொன்னார்:
என் பல்செட்டை யாரோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.'

அந்த ஒரு வரிக்காகவே காத்திருக்கும் குடும்பங்கள் இருந்தன. அத்தையின் குரலே கேட்டது என்று மருமகன் பதில் போட்டிருந்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, புது மெயில் புரோகிராம் வரும்வரை. இல்லத்தில் ஒவ்வொரு பெரியவருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பதிவுப் பக்கம் உண்டு. மருந்து, உணவு, உறக்கம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் அடுத்த வரிக்குப் போக வேண்டுமென்றால் கன்ட்ரோல் பட்டனைப் பிடித்துக்கொண்டு என்டரைத் தட்ட வேண்டும். என்டரை மட்டும் தட்டினால் கட்டம் மூடிக்கொள்ளும். வருஷக்கணக்காக அக்காவின் சுண்டு விரல் தானாகக் கன்ட்ரோலுக்குப் போகும், வலது கை தானாக என்டரைத் தட்டும். அவள் அதை நினைப்பதுகூட இல்லை. புது மெயிலில் எவனோ ஒரு புண்ணியவான், அதே இரண்டு பட்டனையும் சேர்த்துத் தட்டினால் மெயில் போய்ச் சேரட்டும் என்று வைத்துவிட்டான். காலை முழுக்கப் பதிவுப் பக்கம், நடு நடுவே மெயில். விரலுக்கு என்ன தெரியும், இப்போது எந்தத் திரையில் இருக்கிறோம் என்று? அடுத்த வரி வேண்டும் என்று மனசு நினைக்கும். மெயில் பறந்துவிடும்.

முதலில் போனவை வெறும் 'வணக்கம்' மெயில்கள். அதனால் யாருக்கும் சேதமில்லை. பிறகு மீன் தொட்டி விவகாரம் வந்தது. ஒரு பெரிய மனிதர் இல்லத்துக்கு மீன் தொட்டி ஒன்று நன்கொடையாகத் தருகிறேன் என்று படத்தோடு எழுதியிருந்தார். 'உங்கள் அன்புக்கு நன்றி. தொட்டி மிகவும் அழகாக இருக்கிறது' என்று அக்கா எழுதினாள். அடுத்த வரியில் 'ஆனால் வைக்க எங்களிடம் இடம் இல்லை' என்று எழுத நினைத்தாள். விரல்கள் தட்டின. நன்றி மட்டும் போனது. அடுத்த வாரம் நான்கு பேர் தூக்க ஒரு தொட்டி வந்து இறங்கியது. சக்கர நாற்காலிகள் நிற்க வேண்டிய இடத்தில் இப்போதும் மீன்கள்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அதுவரைக்கும் சிரிக்கலாம். அதற்குப் பிறகு நடந்ததற்குச் சிரிக்க முடியாது.

கீழ்த்தளத்தில் இருந்த ஒரு அம்மா காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அந்த அம்மா பிஸ்கட் கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தார். மகனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அக்கா எழுத உட்கார்ந்தாள். 'உங்கள் அம்மா இன்று காலை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்.' டாக்டர் சொன்னதை அடுத்த பத்தியாக எழுதலாம் என்று நினைத்தாள்.

போய்விட்டது.

அலறியடித்துக்கொண்டு மீதியை அடுத்த மெயிலில் அனுப்பினாள். போனும் போட்டாள். மகன் எதையும் பார்க்கவில்லை, எடுக்கவில்லை. முதல் வரியைப் படித்ததுமே காரை எடுத்துவிட்டார். வந்து சேர்ந்தபோது காரின் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். எங்கே இடித்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்ததும் வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து அந்த அம்மாவுக்குப் படபடப்பு வந்து, விழுந்தபோது ஆகாத மருந்துச் செலவெல்லாம் அப்போது ஆனது. மகன் அக்காவைத் திட்டவில்லை. "மீதியை எழுத உங்களுக்கு ஒரு நிமிஷம் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி அவளை அறைந்தது. வாழ்நாள் முழுக்க மீதியைச் சொல்லத்தான் அவள் தவித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மேனேஜர் கூப்பிட்டு விட்டார். கெட்டவர் இல்லை, கறார்க்காரர். "இதோ பாருங்கம்மா, நான் சுத்தி வளைச்சுப் பேச விரும்பல. இன்னொரு பாதி மெயில் போச்சுன்னா உங்களைத் துணிக்கிடங்குக்கு மாத்திடறேன். படுக்கை விரிப்பு எண்ணுற வேலை. அங்க எதுவும் தப்பாப் போகாது."

"சார், அது வந்து..."

"கவனம் இல்லாததுதான் காரணம். தெரியும். போய் வேலையைப் பாருங்க."

அதையும் அவரே முடித்துவிட்டார்.

துணிக்கிடங்கு ஒன்றும் நரகம் இல்லை. சம்பளம் அதேதான். ஆனால் படுக்கை விரிப்போடு யார் பேச முடியும்? அக்காவுக்குத் தூக்கம் போனது. கன்ட்ரோல் பட்டன்மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டிப் பார்த்தாள். தொட்டால் சொரசொரவென்று உறைக்கும் அல்லவா? இரண்டு நாள் உறைத்தது. மூன்றாம் நாள் சுண்டு விரல் அந்தச் சொரசொரப்போடு சிநேகமாகிவிட்டது. சுண்டு விரலையே பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். "என்னக்கா, விரலை உடைச்சுட்டீங்களா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே பொழுது போனது.

கடைசியில் வழி அவளுக்கே தோன்றியது. கடிதத்தை எழுதி மடித்து உறைக்குள் போட்ட பிறகுதானே முகவரி எழுதுவோம்? இங்கே மட்டும் ஏன் முதலில் முகவரி? அன்றிலிருந்து 'பெறுபவர்' இடத்தைக் காலியாக விட்டு எழுத ஆரம்பித்தாள். விரல்கள் பழக்கதோஷத்தில் தட்டும். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் மெஷின் திருதிருவென்று விழிக்கும், பிறகு 'முகவரி இல்லை' என்று சொல்லும். அக்கா மெஷினைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்புச் சிரிப்பாள். எழுதி, படித்து, திருத்திய பிறகு கடைசியில்தான் முகவரி. வாரங்கள் ஓடின. பாதியக்கா என்ற பெயருக்கே இனி வேலை இல்லை என்று சமையல்காரி வருத்தப்பட்டாள்.

ஆனால் ஒரே ஒருவருக்கு எழுதும்போது மட்டும் அவள் அந்த வழியைக் கடைப்பிடிக்கவில்லை.

மாடியில் கடைசி அறையில் லிஃப்ட் ஐயா இருந்தார். வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக். கீழே நின்று காது கொடுத்தே எந்த மாடியில் எந்த உருளை தேய்கிறது என்று சொல்லிவிடுவாராம். அவருக்கு ஒரே மகள். அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஏதோ வார்த்தை தடித்துவிட்டது. அம்மா போனபிறகு இருவரும் பேசுவதில்லை. மகளிடமிருந்து மாதக் கட்டணம் வரும், வேறெதுவும் வராது. அக்கா வாரா வாரம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. மற்றவர்களுக்கு எழுதும்போது அவர்கள் போட்ட பதிலைப் பார்த்துக்கொண்டு புதிதாக எழுதுவாள். இந்த மகளுக்குப் பார்க்கப் பதில் எங்கே இருக்கிறது? தான் போன வாரம் எழுதியதையே திறந்து, அதன் தலையிலேயே அடுத்ததைத் தொடர்ந்து எழுதுவாள். அப்படித் தொடர்ந்தால் முகவரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அழிக்க வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். 'இதை யார் படிக்கப் போறாங்க' என்ற அலட்சியம்தான். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு கவனம், பதில் போடாத பிள்ளைக்கு ஒரு கவனம். அவளிடமே அந்த ஓரவஞ்சனை இருந்தது. அதுவரை எப்படியோ ஒன்றும் பாதியில் போகாமல் தப்பியிருந்தது.

ஒருநாள் காலை அவள் மாடிக்குப் போனபோது லிஃப்ட் ஐயா சன்னலைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இந்தச் சன்னல் கீச்சு கீச்சுங்குதே, இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட இந்தக் கட்டடத்துல ஆளே இல்லையா?" என்று கேட்டார். அந்த வாரம் அவர் பேசியதே அவ்வளவுதான். அக்கா கீழே வந்து எழுத ஆரம்பித்தாள்.

'உங்கள் அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். மாலையில் வராந்தாவில் நடக்கிறார். இன்று காலை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:'

அவர் கேட்டதைத் தனி வரியில் எழுத வேண்டும் அல்லவா? விரல்கள் தட்டின.

அக்கா கையைத் தூக்கிக்கொண்டாள், சுட்டதுபோல. திரையில் 'அனுப்பப்பட்டது' என்று இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியப்போவதில்லை, அந்த மகள் எதையும் படிப்பதில்லை, மீதியை இப்போதே அனுப்பிவிட்டால் போகிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

வருவதற்குள் பதில் வந்திருந்தது.

'என்ன கேட்டார்?'

அவ்வளவுதான். வணக்கம் இல்லை, கையெழுத்து இல்லை. அக்கா நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இத்தனை வேகத்தில் பதில் போடுகிறவள் இதுவரை வந்த ஒன்றையும் படிக்காமல் இருந்திருக்க முடியாது. எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். அக்காவுக்கு அழுகை வந்தது. லிஃப்ட் ஐயாவுக்காக மட்டும் வந்த அழுகை இல்லை அது. அவள் பாதியில் விட்டதையெல்லாம் இதுவரை ஆளுக்கு ஒருவிதமாக முடித்துவைத்திருக்கிறார்கள். மீதி என்ன என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. இந்த முகம் தெரியாத பெண்தான் முதல் ஆள்.

சந்தோஷப்பட நேரமில்லை. இல்லத்துக்கு வரும் மெயில்கள் மேனேஜர் அறையிலும் தெரியும். கதவில் அவர் வந்து நின்றபோது கூரை இன்னும் இறங்கியதுபோல இருந்தது.

"மறுபடியுமாம்மா?"

"சார்..."

"சொல்ல வேண்டாம், எனக்கே..."

"முழுசா சொல்லிடறேன் சார்" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. ஆனால் அந்த மாதிரி அவள் சொல்லி அந்த இல்லத்தில் யாரும் கேட்டதில்லை. மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். பதிவுப் பக்கத்தில் அடுத்த வரிக்குத் தட்டுவது, மெயிலில் அதே தட்டு என்ன செய்கிறது, பிளாஸ்டர், முகவரியைக் கடைசியில் போடுவது, இந்த மகளுக்கு மட்டும் அப்படிச் செய்யாமல் விட்டது, எல்லாவற்றையும் அவளுடைய நிதானத்தில் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை அவர் வாய் திறந்தது. திறந்தது தானாக மூடியது.

கேட்டுவிட்டு அவர், "புரியுதும்மா. ஆனா பேச்சுன்னா பேச்சு. நாளைக்குக் கம்ப்யூட்டர்காரர் வர்றாரு. உங்க கணக்கைப் புது ஆளுக்கு மாத்தச் சொல்லிடறேன்" என்றார்.

"சரி சார். இந்த ஒரு பதிலை மட்டும் நானே முடிச்சுடறேன்."

அவர் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

அக்கா உட்கார்ந்தாள். முகவரியை முதலில் அழித்தாள். பிறகு எழுதினாள்: 'என் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.' எவ்வளவு அழகான வரி. அந்தப் பெண் இதைத்தான் எதிர்பார்த்துக் கேட்டிருப்பாள். அனுப்பினால் அப்பாவும் மகளும் சேர்ந்துவிடக்கூடும். பொய் என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் பார்க்கப் பார்க்க அந்த வரியில் அவளுக்குத் தன் அப்பாவின் குரல் கேட்டது. 'அவளுக்குச் சம்மதம்தான்.' அவரும் நல்லது என்று நினைத்துத்தான் முடித்துவைத்தார். அக்கா அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு மாடி ஏறினாள்.

"ஐயா, உங்க பொண்ணு மெயில் போட்டிருக்காங்க. நீங்க என்ன கேட்டீங்கன்னு கேக்கறாங்க."

லிஃப்ட் ஐயா நிமிர்ந்து பார்த்தார். "யாரு?"

"உங்க பொண்ணுதான். தப்பு என்னோடது. பாதியில போயிடுச்சு. என்ன எழுதட்டும்?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "சன்னலைத்தானே கேட்டேன்? கேட்டதையே எழுது. புதுசா ஏதாவது சொல்லி, அவ அதுக்கும் ஏதாவது சொல்லி... வேணாம்மா. சன்னலையே எழுது."

அக்கா சன்னலையே எழுதினாள், அந்த ஒரு சொட்டு எண்ணெய் உட்பட.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில், "என்னங்க, இன்னிக்கு ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தாள். "தலைவலியா? மாத்திரை அலமாரியில..." என்று எழுந்தார் அவர்.

"தலைவலி இல்ல. உக்காருங்க. நான் முடிக்கிற வரைக்கும் பேசாதீங்க."

பஸ் ஓட்டுகிறவர் பிரேக் போட்டதுபோல உட்கார்ந்தார். டிவியை நிறுத்தினார். அவள் சொல்லி முடித்தாள், துணிக்கிடங்கு வரைக்கும். வழக்கமாக ஒரு முடிவு சொல்லியிருப்பார். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டார். அவள் சரியான வார்த்தையைத் தேடினாள். அவர் காத்திருந்தார்.

மறுநாள் கம்ப்யூட்டர்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். தலை நரைத்த ஆள். இந்த மாதிரிப் பத்து இடங்களுக்கு முறை வைத்துப் போகிறவர். அக்கா மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மேனேஜர்.

"எதுக்கு ஆளை மாத்தறீங்க?"

மேனேஜர் காரணத்தைச் சொன்னார். கம்ப்யூட்டர்காரர் குனிந்து எதையோ திறந்தார். ஒரு சின்னக் கட்டத்தில் சரி குறி இருந்தது. அதைத் தட்டினார். குறி மறைந்தது.

"இனிமே அந்த ரெண்டு பட்டனும் அடுத்த வரிக்குத்தான் போகும். மெயில் போகாது. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

இத்தனை மாதமாக ஒரு குறிதான் குற்றவாளி. பழியெல்லாம் அக்காவின் விரலுக்கு. மெஷினிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அக்கா உள்பட. தன்மேல்தான் தப்பு என்று அவளும் நம்பியிருந்தாள். நம்பும்படி ஊரே பழக்கிவைத்திருந்தது.

"புது ஆளுக்கு மாத்தவா சார்?" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "இல்ல, இப்ப அது... வந்து... அந்தத் துணிக்கிடங்கு விஷயம்..." என்று இழுத்தார். அக்கா உதவிக்குப் போகவில்லை. அவரே முடிக்கட்டும் என்று டிராயரில் கை வைத்தபடி நின்றாள். "...வேண்டாம்மா. நீங்களே இருங்க. நான் அன்னிக்கு முழுசாக் கேட்டிருக்கணும்."

அக்கா எடுத்து வைத்ததையெல்லாம் திரும்ப டிராயருக்குள் போட்டாள். கம்ப்யூட்டர்காரர் பையை மூடும்போது திரையில் ஒரு மெயில் வந்து விழுந்தது. லிஃப்ட் ஐயாவின் மகள்.

'சன்னல் சரியாகிவிட்டதா?'

அக்கா அதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ரிப்பேர்காரர் காலையிலேயே வந்து எண்ணெய் விட்டுவிட்டுப் போயிருந்தார். லிஃப்ட் ஐயா சன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் படித்தாள்.

"இன்னொரு தடவை படிம்மா."

படித்தாள். அவர் தாளை வாங்கித் தானும் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பதில் போடணும்ல?"

"போடணும் ஐயா. என்ன எழுதட்டும்?"

"எண்ணெய் விட்டாச்சுன்னு எழுது."

"சரி."

"ஆனா..." என்று நிறுத்தினார்.

அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனா நீ எப்ப வருவேன்னு, ஆனா உன்னைப் பாக்கணும்னு, எத்தனையோ. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"ஆனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றாள்.

வராந்தாவில் மருந்து வண்டி உருண்டு போனது. பக்கத்து அறையில் யாரோ இருமி ஓய்ந்தார்கள். லிஃப்ட் ஐயா கையை நீட்டிச் சன்னல் கதவை மெல்லத் தள்ளினார். அது வெளியே போய், திரும்பி வந்து நின்றது. இம்மி சத்தம் இல்லை. காதை வைத்தே பிழைத்த மனுஷர், அவருக்குத் தெரியாதா? இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார்.

"ஆனா இன்னும் லேசா சத்தம் வருதுன்னு எழுதும்மா" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"சரிங்கய்யா" என்றாள்.

கீழே வந்து, பெறுபவர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு எழுதினாள். இனி அது தேவையில்லை என்றாலும் பழக்கம் வந்துவிட்டது.

'சன்னலுக்கு எண்ணெய் விட்டாயிற்று. இருந்தாலும் அப்பா சொல்கிறார்:
இன்னும் லேசா சத்தம் வருது.'

ஒரு தடவை படித்துப் பார்த்தாள். சேர்க்க ஒன்றும் இல்லை. கடைசியாக முகவரியைப் போட்டு அனுப்பிவிட்டு, பதில் வருவதற்காகத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.